சிரிப்பு வாயுவும் ஒரு சிறு பொறியும்



அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. மோட்டார் வண்டி என்னும் இக்காலத் தேருக்கும் அத்தகைய அச்சாணி ஒன்று உண்டு. அது ஒரு விரல் நீளமே உள்ளது. நடுவே ஒரு கம்பி, அதனைச் சூழ்ந்து வெண்மையான பீங்கான், அதற்கு வெளியே புரியிட்ட உருக்குக் கூடு, நுனியில் வளைந்த ஒரு சிறு தகடு. இவ்வளவே அதன் உறுப்புக்கள். ஆங்கிலத்தில் ஸ்பார்க் பிளக் என்று வழங்கும் இதனை நம் பட்டறைகளில் பிளக்கு என்றே சுருக்கமாகச் சொல்வர். வண்டி நன்றாக ஓடும் நாளில் இதனை நினைப்பார் இல்லை. வண்டி நின்ற நாளில் முதலிற் கழற்றிப் பார்க்கப்படுவதும் இதுவே.

இந்தச் சிறு பொருளின் வரலாறும், பல் வைத்தியர்கள் கையாளும் சிரிப்பு வாயுவின் வரலாறும் ஓரிடத்திற் சந்தித்தன என்று சொன்னால் நேயர்கள் வியப்படையக்கூடும். ஆயினும் அது உண்மை. போர்க்காலத்து வானத்திலே தொடங்கிய அச்சந்திப்பு, பின்னர் அமெரிக்காவின் பந்தயத் தடங்களிலே தொடர்ந்தது. பந்தய வண்டியோட்டி ஒருவன் பொத்தானை அழுத்துகிறான். சிரிப்பு வாயு எஞ்சினுட் பாய்கிறது. வண்டி வேங்கை போலப் பாய்ந்து, மறுகணமே இருமுகிறது, திணறுகிறது. பட்டறை மொழியில் எஞ்சின் 'மிஸ் அடிக்கிறது'. சில வேளைகளில் அத்தோடு நில்லாமல் பிஸ்டனில் ஓட்டையே விழுந்துவிடுகிறது. வாயுவே எஞ்சினைக் கெடுத்தது என்று உரியவன் குறை கூறுகிறான். வாயுவின் மீது சுமத்தப்படும் இக்குற்றத்திற் பெரும்பகுதி பிழையானது என்பதே இன்று நான் சொல்ல முற்படுவது. அதற்குச் சான்று கூறுவது வரலாறு.

முதலிற் பொறியின் கதையைப் பார்ப்போம். 1776ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் அலெஸ்ஸாந்திரோ வோல்ட்டா, மகியோரே ஏரியின் சேற்றிலிருந்து குமிழியிட்டு எழும் வாயு ஒன்றைத் திரட்டினார். இன்று நாம் மெதேன் என்பது அதுவே. அடுத்த ஆண்டில் அவர் அவ்வாயுவைக் காற்றோடு கலந்து ஒரு கலத்தில் அடைத்து, மின்பொறியால் அதனை வெடிக்கச் செய்து, அடைத்திருந்த தக்கையைப் பறக்கவிட்டார். இதற்கு மின்சாரக் கைத்துப்பாக்கி என்று பெயர். அது ஒரு வேடிக்கைப் பொருளாகவே கருதப்பட்டது. எனினும் அடைபட்ட வாயுவை மின்பொறியால் எரித்து ஒரு பொருளைத் தள்ளுவிக்கலாம் என்ற கருத்து அன்றே பிறந்துவிட்டது.

அக்கருத்து எஞ்சினாக உருப்பெற மேலும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. 1860இல் பாரிசு நகரில் எத்தியேன் லெனுவார் என்பவர் நிலக்கரி வாயுவால் இயங்கும் எஞ்சின் ஒன்றை அமைத்தார். அதில் வாயுவை எரித்தது மின்பொறியே. ஒன்றை இங்கே மனத்திற் கொள்ளவேண்டும். லெனுவாரின் எஞ்சின், எரிப்பதற்கு முன் வாயுவை அமுக்கவில்லை. அமுக்கப்படாத வாயுவினூடே பொறி பாய்வது எளிது. 1876இல் ஜேர்மனியில் நிக்கலவுஸ் ஒட்டோ என்பவர் வாயுவை முதலில் அமுக்கிப் பின்னர் எரிக்கும் நாலடி எஞ்சினை வெற்றியுடன் இயக்கினார். வலு பெருகிற்று, பொறியின் தொல்லையும் அதனோடு பெருகிற்று. ஒட்டோ முதலில் ஒரு சிறு சுவாலையைக் கொண்டே எரியூட்டினார். டைம்லர் என்பார் செஞ்சூடாக்கிய குழாயைப் பயன்படுத்தினார். 1886இல் மோட்டார் வண்டிக்கு உரிமைப் பட்டயம் பெற்ற கார்ல் பென்ஸ் மின்பொறியை நம்பினார். தமக்கு நேர்ந்த இடர்களுள் எரியூட்டலே தலையாயது என்றும் அவர் கருதினார்.

இவ்விடருக்குத் தீர்வு கண்டது ஸ்டுட்கார்ட் நகரிலிருந்த ரொபேட் பொஷ் என்பவரின் தொழிற்சாலை. அங்கே பணியாற்றிய கொட்லொப் ஹொனோல்ட் என்னும் பொறியியலாளர், மிகவுயர்ந்த மின்னழுத்தம் தரும் மக்னீற்றோ ஒன்றையும், அதற்கேற்ற பிளக்கு ஒன்றையும் சேர்த்து ஆக்கினார். 1902ஆம் ஆண்டு ஜனவரியில் அதற்கு உரிமைப் பட்டயம் கிடைத்தது. எஞ்சினுள்ளே அசையும் உறுப்பு எதுவுமின்றி, இரு மின்வாய்களுக்கிடையே இருந்த வெளியிற் பொறி தாவிற்று. இன்று உலகெங்கும் ஓடும் பெற்றோல் வண்டிகளின் பிளக்கு, அடிப்படையில் அன்று பிறந்த அதே பிளக்குத்தான்.

ஆயினும் பொறியைத் தாவச் செய்தது பாதி வேலையே. அப்பொறி தாவும் இடம் ஒரு சூளை. ஒவ்வொரு முறையும் ஈராயிரம் பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சுவாலை அதனைச் சூழ்கிறது. மறுகணமே குளிர்ந்த காற்றும் பெற்றோல் ஆவியும் அதன்மீது மோதுகின்றன. ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான முறை இது நிகழ்கிறது. நடுக் கம்பியைச் சூழ்ந்துள்ள காவலிப் பொருள் வெடித்தால் மின்சாரம் வேறு வழியாக ஒழுகிவிடும். முற்காலப் பீங்கான் பந்தயத்தின் வெம்மையைத் தாங்காது வெடித்தது.

இங்கே ஒரு பந்தய வீரரின் பெயரைச் சொல்லவேண்டும். கெனெல்ம் லீ கின்னஸ் என்பவர் அயர்லாந்தின் புகழ்பெற்ற மதுவடிசாலைக் குடும்பத்திற் பிறந்தவர். தம் பந்தய வண்டியின் பிளக்குகள் அடிக்கடி கெட்டுப்போவதைக் கண்டு சலிப்புற்று, தாமே பிளக்குச் செய்ய முற்பட்டார். 1912இல் இலண்டன் நகரை அடுத்த பட்னி வேலில் அவரது தொழில் தொடங்கிற்று. பீங்கானுக்குப் பதிலாக அவர் கையாண்டது மைக்கா எனப்படும் அப்பிரகம். மெல்லிய தகடுகளாக உரியும் அக்கனிப்பொருளை அடுக்கடுக்காக இறுக்கி அவர் காவலி செய்தார். அக்காலத்தில் உலகச் சந்தைக்கு மைக்காவை மிகுதியாக அளித்த நாடு இந்தியா. அந்நாளில் பீகாரைச் சேர்ந்திருந்த கொடர்மாச் சுரங்கங்களும், சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர்ச் சுரங்கங்களும் அதற்குப் பெயர்பெற்றவை. 1922 மே மாதத்தில் கின்னஸ், புறூக்லண்ட்ஸ் தடத்தில் மணிக்கு 133.75 மைல் வேகத்தில் வண்டியோட்டி நிலவேகச் சாதனை நிலைநாட்டினார்.

பந்தய வீரர்கள் தம் பட்டறிவால் உணர்ந்த பேருண்மை ஒன்று உண்டு. எல்லா எஞ்சினுக்கும் ஒரே பிளக்கு உதவாது என்பதே அது. பிளக்கின் நுனி ஏறக்குறைய 500 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்திருந்தால், அதன்மீது படியும் கரி எரிந்து நீங்காது. கரி மின்சாரத்தைக் கடத்தும். பொறி தாவாமல் மின்சாரம் கரியின் வழியே ஒழுகிவிடும். நுனி 850 அல்லது 900 பாகைக்கு மேலே சூடேறினால், அது தானே தணல்போல் ஒளிர்ந்து, பொறி பிறக்குமுன்பே வாயுவை எரித்துவிடும். ஆகவே இவ்விரு எல்லைகளுக்கிடையே நுனியை நிறுத்தல் வேண்டும். பீங்கான் மூக்கு நீண்டிருந்தால் வெப்பம் வெளியேறும் வழியும் நீளும். அது சூடான பிளக்கு. மூக்கு குறுகியிருந்தால் வெப்பம் விரைந்து சிலிண்டர்த் தலைக்குச் சென்றுவிடும். அது குளிர்ந்த பிளக்கு. மெல்ல ஓடும் வண்டிக்குச் சூடான பிளக்கும், கடுமையாக உழைக்கும் எஞ்சினுக்குக் குளிர்ந்த பிளக்கும் பொருந்தும். இதனையே வெப்ப வரிசை என்பர்.

இக்கதையில் ஈயமும் புகுந்தது. 1921 டிசம்பரில் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி என்பார், ஒருவகை ஈயச் சேர்வையைப் பெற்றோலிற் சிறிதளவு கலந்தால், எஞ்சினில் எழும் 'நொக்' என்னும் தட்டொலி அடங்கும் என்று கண்டார். விமான எஞ்சின்களின் வலு இதனாற் பெருகிற்று. ஆனால் எரிந்த ஈயம் பிளக்கிற் படிந்தது. மைக்காவையும் அது கெடுத்தது. எனவே 1930களில் அலுமினாவை உயர்ந்த வெப்பத்திற் சுட்டுக் கல்போல் இறுகச் செய்த புதிய காவலிகள் ஜேர்மனியிலும் இங்கிலாந்திலும் தோன்றின. போர்க்காலத்தில் நெடுந்தூரம் மெதுவாகப் பறந்த விமானிகள் இடையிடையே எஞ்சினின் வலுவைக் கூட்டிப் பிளக்குகளில் ஈயம் படியாமற் காத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதனை மறந்தவர், எதிரி தோன்றி முழுவலுவும் வேண்டிய வேளையில் எஞ்சின் இருமக் கேட்டனர். ஈயத்தால் மனிதர் உடலுக்கு நேர்ந்த கேடு வேறொரு துயரக் கதை. வீதிகளில் ஓடும் வண்டிகளுக்கு ஈயம் கலந்த பெற்றோல் விற்பது உலகம் முழுவதிலும் முற்றாக ஒழிய 2021ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இனி வாயுவின் கதைக்கு வருவோம். 1772இல் ஆங்கில அறிஞர் ஜோசப் பிரீஸ்ட்லி, நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்த ஒரு வாயுவை ஆக்கினார். அதுவே நைத்திரசு ஒட்சைட்டு. அதனுள்ளே மெழுகுவர்த்தி எரிவதையும், சுவாலை பெரிதாவதையும் அவர் குறித்துவைத்தார். இரண்டு நூற்றாண்டுகளின் பின்னர் பந்தய வீரர் தேடிய இரகசியம் முழுவதும் அந்த ஒரு குறிப்பில் அடங்கியிருந்தது. 1799இல் பிறிஸ்டல் நகரில், இருபது வயதே நிரம்பிய ஹம்ப்ரி டேவி அவ்வாயுவைத் தாமே மூச்சாக இழுத்துப் பார்த்தார். அது களிப்பூட்டிற்று, நோவையும் தணித்தது. சத்திர சிகிச்சைக்கு இது பயன்படலாம் என 1800இல் வெளியிட்ட நூலில் எழுதினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அக்கருத்தை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. வாயு கேளிக்கைக் காட்சிகளிலேயே சிரிப்பூட்டிக் கொண்டிருந்தது.

1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹாட்ஃபோட் நகரில் அத்தகைய காட்சியொன்றைக் கண்ட ஹொரேஸ் வெல்ஸ் என்னும் பல் வைத்தியர், வாயுவை உட்கொண்டவர் காயமுற்றும் நோவறியாதிருப்பதைக் கவனித்தார். மறுநாளே வாயுவை இழுத்துத் தம் பல்லையே பிடுங்குவித்தார், நோவு தோன்றவில்லை. அடுத்த மாதத்தில் பொஸ்டன் நகரில் மருத்துவர் பலர் முன்னிலையில் அதனைச் செய்து காட்டினார். வாயுப் பை சற்று முன்னதாகவே எடுக்கப்பட்டமையால் நோயாளி கூவினான். கூடியிருந்தோர் எள்ளி நகைத்தனர். மனமுடைந்த வெல்ஸ் 1848இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வாயுவிற் குற்றமில்லை, அளவும் காலமும் தவறின. குற்றம் முழுவதும் வாயுவின் மேல் விழுந்தது. நேயர்களே, இதனைச் சற்று நினைவில் வைத்திருங்கள்.

வாயு எஞ்சினுக்குள் எவ்வாறு வந்தது? எஞ்சினின் வலு எவ்வளவு பெற்றோலை எரிக்கமுடியும் என்பதைப் பொறுத்தது. எவ்வளவு பெற்றோல் எரியும் என்பது எவ்வளவு ஒட்சிசன் கிடைக்கும் என்பதைப் பொறுத்தது. காற்றில் நிறைப்படி 100க்கு 23 பங்கே ஒட்சிசன். நைத்திரசு ஒட்சைட்டில் அது 36 பங்கு. மேலும் அது அமுக்கப்பட்ட திரவமாகப் போத்தலில் அடங்கும். பீறிட்டு வெளிவரும்போது மிகக் குளிர்ந்து, எஞ்சினுட் செல்லும் காற்றையும் குளிரச் செய்து செறிவூட்டும். இவ்வாயு தானே எரியும் பொருளன்று. சிலிண்டரின் வெம்மையிற் பிரிந்து, பிறிதொன்று எரிவதற்கு ஒட்சிசன் தருவது மாத்திரமே அதன் தொழில். அதனோடு அதற்குரிய மேலதிகப் பெற்றோலையும் அளிக்கவேண்டும். பெற்றோல் குறைந்தால் சூடு மிஞ்சிப் பிஸ்டன் உருகும்.

இரண்டாம் உலகப் போரில் இதற்குத் தேவை எழுந்தது. தரையிலிருந்து 8 கிலோமீற்றர் உயரத்தில் காற்றின் செறிவு தரையிலுள்ளதிற் பாதிக்கும் குறைவு. அங்கே எஞ்சின்கள் மூச்சுத் திணறின. ஜேர்மன் விமானப்படை ஜீ.எம். 1 என்னும் மறைபெயரில் நைத்திரசு ஒட்சைட்டை எஞ்சினுக்கு ஊட்டும் முறையைக் கையாண்டது. மெசர்ஸ்மிட் 109 விமானத்தின் சில வகைகளும், யுங்கர்ஸ் 88 விமானத்தின் ஒரு வகையும் அதனைத் தாங்கிப் பறந்தன. வாயு முதலில் அமுக்கப்பட்ட திரவமாகவும், பின்னர் பூச்சியத்துக்குக் கீழே 88 பாகை வரை குளிரூட்டப்பட்ட திரவமாகவும் எடுத்துச் செல்லப்பட்டது. உயரே பறந்துவந்த ஜேர்மன் விமானங்களை எட்டிப்பிடிக்க 1944இல் பிரித்தானியரும் சில மொஸ்கிற்றோ இரவு விமானங்களுக்கு இதே வாயுவை ஊட்டினர். ஒன்று கவனிக்கத்தக்கது. காற்று மெலிந்த உயரத்திலே, இழந்த வலுவை மீட்பதற்கே போர்க்கால எஞ்சின்கள் வாயுவைப் பெற்றன. அமுக்கம் எஞ்சினின் இயல்பான எல்லையை அவ்வளவாகக் கடக்கவில்லை.

பந்தயத் தடத்தின் நிலைமை வேறு. அங்கே காற்று நிறைந்த தரையிலேயே, ஏற்கெனவே முழுவலுவில் உழைக்கும் எஞ்சினுக்கு மேலும் ஊட்டப்படுகிறது. 1976ஆம் ஆண்டு டெய்ற்றோனாப் பெரும்பந்தயத்தின் தகுதிச் சுற்றில் புகழ்பெற்ற இரு வீரர்களின் நேரங்கள் இவ்வாயுவைப் பயன்படுத்தியதன் பொருட்டு ஏற்றுக்கொள்ளப்படாமற் போயின. 1978இல் கலிபோனியாவில் வாயு ஊட்டும் கருவிகளை வணிகப் பொருளாக விற்கும் நிறுவனம் தோன்றிற்று. நேர்கோட்டுப் பந்தயங்களில் அது பரவிற்று; 2001இல் வெளிவந்த ஓர் அமெரிக்கத் திரைப்படத்தின் பின்னர் உலக இளைஞர் பலரும் அதன் பெயரை அறிந்தனர். ஆனால் பொத்தானை மாத்திரம் திரைப்படத்திற் கண்டார்கள், பிளக்கைக் காணவில்லை.

வாயு பாயும்போது பிளக்குக்கு நேர்வது யாது? இரு வேறு நோய்கள் தோன்றலாம். அவற்றைப் பிரித்தறிவதிலேதான் எஞ்சினின் உயிர் தங்கியிருக்கிறது. முதலாவது நோய் பொறி தவறுதல். இரண்டாவது நோய் முந்தி எரிதல். முன்னையது வலுவைக் குறைக்கும். பின்னையது எஞ்சினையே கொல்லும். இரண்டுக்கும் மருந்து வேறு.

பொறி தவறுவது ஏன்? 1889இல் ஜேர்மானியரான பாஷன் என்பவர் ஒரு விதியைக் கண்டறிந்தார். வாயுவினூடே பொறி தாவுவதற்கு வேண்டிய மின்னழுத்தம், வாயுவின் அமுக்கத்தையும் மின்வாய்களின் இடைவெளியையும் பெருக்கிவரும் தொகையைப் பொறுத்தது என்பதே அவ்விதி. லெனுவாரின் எஞ்சினில் அமுக்கம் இல்லை. ஆகவே பொறி எளிதிற் பாய்ந்தது. நைத்திரசு ஒட்சைட்டு ஊட்டிய எஞ்சினில் அமுக்கமும் செறிவும் மிகுந்துள்ளன. ஆகவே அதே இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு மேலும் பல்லாயிரம் உவோற்று வேண்டும். மின்சுருள் அதனைத் தர இயலாதபோது பொறி பிறவாது. அல்லது கம்பியின் உறையிலோ பீங்கானின் கீறலிலோ வழிதேடி வெளியே பாய்ந்துவிடும். பேச்சுக்காகச் செறிவு காற்பங்கு கூடியது என்று கொள்வோம். இடைவெளி 1.1 மில்லிமீற்றராக இருந்தால், பழைய மின்னழுத்தமே போதுமாயிருக்க அதனை ஏறக்குறைய 0.9 மில்லிமீற்றராகக் குறைக்கவேண்டும். பந்தயப் பட்டறைகளில் இடைவெளியைக் குறைப்பதன் காரணம் இதுவே. அளவுக்கு மீறிக் குறைத்தாலோ பொறி சிறுத்து, எஞ்சின் மெதுவாக ஓடும்போது தடுமாறும்.

இரண்டாவது நோய்க்கு வருவோம். வாயுவினால் வெப்பம் மிகுகிறது. பிளக்கின் நுனி தணலாகி, பொறிக்கு முன்பே கலவையை எரிக்கிறது. பிஸ்டன் மேலே ஏறிவரும் வேளையிலேயே தீ அதனைக் கீழே தள்ளுகிறது. சில நொடிகளில் அலுமினியப் பிஸ்டன் துளைபட்டுவிடும். இதற்கு மருந்து குளிர்ந்த பிளக்கு. கூடுதலாகப் பெறும் ஒவ்வொரு 75 அல்லது 100 குதிரைச் சக்திக்கும் வெப்ப வரிசையில் ஒரு படி குளிர்ந்ததைத் தெரிவது பொது வழக்கம். படியை எண்ணும்போது எச்சரிக்கை வேண்டும். என்.ஜீ.கே. என்னும் ஜப்பானிய உற்பத்தியாளரின் பிளக்கில் எண் கூடினால் குளிர்ச்சி. பொஷ், சாம்பியன் பிளக்குகளில் எண் கூடினால் சூடு. இதை அறியாதவர் குளிர்விக்க எண்ணிச் சூடேற்றிவிடுவர்.

குளிர்ந்த பிளக்கை இட்டும் தொல்லை தீராததைக் கண்டு பலர் மயங்குவர். அதற்குக் காரணம் வளைந்த வெளித்தகடு. இக்கால வீதி வண்டிகளின் பிளக்குகளிற் பல, நுனி முன்னே நீட்டியும் அத்தகடு நீண்டும் அமைந்தவை. சாதாரண ஓட்டத்துக்கு அது நல்லது. ஆனால் வெப்ப வரிசை என்பது பெரிதும் பீங்கான் மூக்கைப் பற்றியது. நீண்ட தகட்டில் ஏறும் வெப்பம் இறங்கிச்செல்ல நெடுவழி நடக்கவேண்டும். பிளக்கின் எண் குளிர்ச்சியைக் காட்டினாலும் தகடு தணலாகவே நிற்கும். எனவே வாயு ஊட்டும் எஞ்சினுக்கு, குளிர்ந்த வரிசையோடு குறுகிய தகடும் நீட்டாத நுனியும் உள்ள பிளக்கே ஏற்றது.

இவ்வளவையும் நிரல்படக் கூறின், பொறி தவறும் எஞ்சினை ஆராயும் முறை எளிதாகும். முதலில் வாயுவின்றியே வண்டியை முழுப்பாரத்தில் ஓட்டிப் பார்க்கவேண்டும். அப்போதும் இருமினால் குற்றம் வாயுவினுடையதன்று. மின்கம்பியையும் சுருளையும் பார்க்கவேண்டும். வாயு பாயும்போது மாத்திரம் இருமினால் இடைவெளியை அளக்கவேண்டும். பீங்கானில் மயிர்க்கீறல் உண்டா என நோக்கவேண்டும். அடுத்துப் போத்தலின் அமுக்கம். 20 பாகையில் அது வளிமண்டல அமுக்கத்தின் ஏறக்குறைய 50 மடங்கு. போத்தல் குளிர்ந்து அமுக்கம் தாழ்ந்தால் வாயு குறைந்து பெற்றோல் மிஞ்சும். பிளக்கு கரியால் நனைந்து பொறி தவறும். போத்தல் சூடாகி அமுக்கம் உயர்ந்தால் வாயு மிஞ்சிப் பெற்றோல் போதாது போகும்; அது முன்னதிலும் கொடியது. வாயு சேர்ந்த கலவை விரைந்து எரிவதால், பொறி பிறக்கும் நேரத்தையும், கூடும் 50 குதிரைச் சக்திக்குச் சுமார் 2 பாகை வீதம் பின்தள்ளுதல் வேண்டும்.

வைத்தியர் நாடி பார்ப்பது போலப் பட்டறியுடைய தொழிலாளர் பிளக்கைப் பார்ப்பர். முழுவலுவில் ஓடியவுடன் எஞ்சினை நிறுத்திப் பிளக்கைக் கழற்றுவர். பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போன்ற கரும்புள்ளிகளோ, ஊசிமுனையளவான வெள்ளி மணிகளோ தென்பட்டால், பிஸ்டனின் உலோகம் உதிரத் தொடங்கிவிட்டது; அன்றைய ஓட்டம் அத்துடன் முடிந்தது. வெளித்தகட்டில் வெப்பத்தால் நிறம் மாறிய எல்லைக்கோடு வளைவின் அருகே நின்றால் வெப்ப வரிசை பொருந்தியது. கோடு அடிவரை இறங்கியிருந்தால் பிளக்கு சூடானது. நுனியிலேயே நின்றால் தேவைக்கு மிஞ்சிக் குளிர்ந்தது.

அழிவு எங்கே நேர்கிறது என்பது இப்போது விளங்கும். எஞ்சின் இருமுகிறது, வலு போதவில்லை என்று கருதி ஓட்டுபவன் மேலும் வாயு ஊட்டுகிறான். செறிவு கூடப் பொறி இன்னும் தவறுகிறது. ஒரு சிலிண்டர் எரியாது நிற்க, மற்றவை சுமையைத் தாங்குகின்றன. எரியாத கலவை வெளிக்குழாயிற் சென்று வெடிக்கிறது. அல்லது பொறி தவறியதற்கு மருந்தென எண்ணி, முன்னரே குளிர்ந்திருந்த பிளக்கை மேலும் குளிர்ந்ததாக மாற்றுகிறான். கரி படிந்து நோய் முற்றுகிறது. காய்ச்சலுக்கும் குளிருக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பவன் வைத்தியன் ஆகான். இறுதியில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுவது வாயு. பொஸ்டன் நகரில் ஹொரேஸ் வெல்சுக்கு நேர்ந்ததும் இதுதானன்றோ? அங்கே ஒரு மனிதரின் வாழ்வு அழிந்தது. இங்கே ஓர் எஞ்சின். அதிவேகத்தில் எஞ்சின் சிதறும்போது உள்ளே இருப்பவரும் அருகே நிற்பவரும் தப்புவது உறுதியன்று. ஆகையால் இவ்வித்தை பந்தயத் தடத்துக்கு உரியது. மக்கள் நடமாடும் வீதிக்கு உரியதன்று.

நேயர்களே, எஞ்சினின் வரலாற்றைக் கூறுவோர் குதிரைச் சக்தியையும் வேகச் சாதனையையும் எண்ணி எண்ணி மகிழ்வர். ஆனால் ஒட்டோ அமுக்கத்தைக் கூட்டியபோதும், கின்னஸ் வேகத்தைக் கூட்டியபோதும், விமானிகள் ஈயப் பெற்றோலை நிரப்பியபோதும், பந்தய வீரர் சிரிப்பு வாயுவை ஊட்டியபோதும், முதலிற் கைவிரித்தது அந்த விரலளவுப் பொருளே. அதனைத் திருத்திய பின்னரே அடுத்த படியில் ஏற முடிந்தது. வலுவைக் கூட்ட விரும்புவோர் முதலில் அவ்வலு எந்த இழையிலே தொங்குகிறது என்று பார்க்கவேண்டும். அதை இடைவெளியளக்கும் ஒரு சிறு தகட்டினாலேயே அளந்துவிடலாம். அளக்கும் பொறுமைதான் வேண்டும்.